இஸ்மாயில் மெர்ச்சன்ட் பற்றித் தமிழில் ஏதேனும் கிடைக்குமா?

நண்பர்களுக்கு வணக்கம். பம்பாயில் பிறந்து, படிக்கப் போன நியூயார்க்கிலேயே திரைப்படத் தயாரிப்பாளராகக் காலூன்றிய இஸ்மாயில் மெர்ச்சன்ட் பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் பேசப்போகிறேன். அமெரிக்க இயக்குநர் ஜேம்ஸ் ஐவரியுடன் 1961இல் அவர் தொடங்கிய ‘மெர்ச்சன்ட் ஐவரி’ படநிறுவனத்தைப் பலரும் அறிவார்கள். என்னை நெகிழவைத்தது வேறு. 1993இல் லண்டன் தீவிபத்தில் சத்யஜித் ராயின் படச்சுருள்கள் கருகிய பிறகு, மீட்டெடுத்த ராய் படங்களை 1995இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டவர் அவர். தன் படங்களுக்கே பணம் திரட்ட அலைந்த மனிதர், இன்னொருவர் படங்களுக்காகவும் அலைந்திருக்கிறார்!

இதைப் பற்றி அக்காலச் சிற்றிதழ்களிலோ திரைப்படச் சங்க மலர்களிலோ யாராவது எழுதியிருந்தால், அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். அந்தத் திரையிடல்களை அமெரிக்காவில் நேரில் பார்த்தவர்கள் இருந்தால், நினைவிலிருந்து நான்கு வரி எழுதினாலும் போதும். வரும் சனிக்கிழமைக்குள் கிடைத்தால் பேச்சில் சேர்த்துவிடுவேன்.