சுபாஷ் முகர்ஜியின் ஆய்வுப் பதிவை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது?

கேள்வி: மகப்பேறு மருத்துவ முதுநிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் சுபாஷ் முகர்ஜியைப் பற்றி எங்கள் துறைக் கருத்தரங்கில் பேசவிருக்கிறேன். இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்து பத்தே வாரங்களில், 1978 அக்டோபர் 3 அன்று, முகர்ஜி குழுவின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. ஆய்வாளரின் கட்டுரை எண்ணிக்கையையும் ஹெச்-இன்டெக்ஸையும் (குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் 10 என்பதுபோல் கணக்கிடப்படும் எண்) முதலில் காட்டுவது எங்கள் துறை வழக்கம். ஆனால் இச்சாதனைக்கு ஆதாரமாகச் சுட்டப்படுவது, அதே ஆண்டில் இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரையோஜெனிக்ஸ் இதழில் வந்த சிறு குறிப்பு ஒன்றுதான். இவரை எப்படி அறிமுகப்படுத்துவது?

பதில்: மருத்துவக் கல்லூரி நூலகர்

அந்த எண்ணைத் தவிர்த்துவிடுங்கள். ஹெச்-இன்டெக்ஸை ஹிர்ஷ் முன்வைத்தது 2005இல்; முகர்ஜி மறைந்ததோ 1981இல். தவிரவும், ஒரே கட்டுரை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அந்தக் கணக்கில் கிடைப்பது 1தான். தேடும்போது அவருடைய குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். ஒரே வடிவத்தில் தேடினால் பாதி விடுபடும்.

நீங்கள் காட்ட வேண்டிய கட்டுரை, 1997இல் கரன்ட் சயின்ஸ் இதழில் டி. சி. ஆனந்த் குமார் எழுதியது. 1986இல் மும்பையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தபோது, இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கிய பெருமை மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவுக்கும் ஆனந்த் குமாருக்கும் கிடைத்திருந்தது. அப்படிப்பட்டவர், முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டு, முதலிடம் முகர்ஜிக்கே உரியது என்று தம் பெயரிலேயே அச்சிட்டார். எத்தனை நூறு மேற்கோள்களைவிடவும் இந்த ஒரு மேற்கோளை நான் மேலாக மதிக்கிறேன்.

பதில்: கருவியல் ஆய்வகத்தில் பணியாற்றுபவர்

நூலகர் சொல்வது சரியே. ஆயினும் கட்டுரைகள் இல்லாமற்போனதன் இழப்பையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். லூயிஸ் பிரவுனின் பிறப்பை, அதைச் சாத்தியமாக்கிய ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் 1978 ஆகஸ்டில் லான்செட் இதழுக்கு ஒரு சிறிய கடிதமாகத்தான் எழுதினார்கள். அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம், மனிதக் கருமுட்டை உடலுக்கு வெளியே கருவுறுவதை 1969இலிருந்தே அவர்கள் நேச்சர் இதழில் படிப்படியாக வெளியிட்டு வந்ததுதான். முகர்ஜியின் உரிமைகோரலுக்குப் பின்னால் அப்படியொரு கட்டுரைத் தொடர் இல்லை.

ஆனால் அவர் செய்தவையாகப் பதிவாகியிருப்பவை எளியவை அல்ல. இயற்கைச் சுழற்சியில் கிடைக்கும் ஒற்றை முட்டையை எட்வர்ட்ஸ் குழு நம்பியிருந்த அதே ஆண்டில், இவர் ஹார்மோன் ஊசிகளால் சூலகத்தைத் தூண்டினார். வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப் கருவி இல்லாமல் யோனி வழியாக முட்டைகளை எடுத்தார். கருவை உறையவைத்துப் பின்னொரு சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார். உறைந்த கருவிலிருந்து கர்ப்பம் உண்டானதை ஆஸ்திரேலியாவின் டிரௌன்சனும் மோரும் நேச்சரில் அறிவித்தது 1983இல்தான்.

எழுதாமல் விட்டது அவர் குற்றமென்று எண்ணிவிடாதீர்கள். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றை நிராகரித்தது. ஜப்பான் சென்று தம் ஆய்வை விளக்க அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 19 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய முறையை வேறோர் ஆய்வகம் சோதித்துப் பார்த்துத் தொடரும் வாய்ப்பும் அத்துடன் போயிற்று.

பதில்: மகப்பேறு மருத்துவர், ஓய்வு

ஆசிரியர் பட்டியலை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதிலும் இடர் உண்டு. இங்கிலாந்தின் ஆல்டம் நகரில் எட்வர்ட்ஸுடன் உழைத்த ஜீன் பர்டி, 1970இல் நேச்சரில் வந்த முக்கியக் கட்டுரையின் இணை ஆசிரியர். ஆனால் அந்த லான்செட் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. முகர்ஜியின் குழுவிலும் உறைநிலை நுட்பத்தைக் கவனித்த சுனித் முகர்ஜியும் மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் இருந்தார்கள். 1978ஆம் ஆண்டுக் குறிப்பில் மூவர் பெயரும் உள்ளன. உங்கள் உரையிலும் மூவரையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எண்களுக்குப் பதிலாக 1978ஆம் ஆண்டுக் குறிப்பின் முதற்பக்கத்தையும் ஆனந்த் குமாரின் கட்டுரையையும் அருகருகே காட்டப்போகிறேன். அந்தக் குறிப்பின் தெளிவான நகல் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள்.