மறு: பின்வண்டி கட்டினால் மைலேஜ் – சொல் வேண்டும்

குன்னூரிலிருந்து:
வணக்கம். காரின் பின்னால் சிறு டிரெய்லர் கட்டி ஓட்டுவது பற்றிய கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை ஓட்டுநர் பயிற்சி வகுப்பில் கொடுக்க வேண்டும். டிரெய்லரைப் 'பின்வண்டி' என்று முடித்துவிட்டேன். 'இழுவை' என்றால் இழுப்பதா, இழுபடுவதா என்று வகுப்பிலேயே சண்டை வரும். மைலேஜில்தான் மாட்டிக்கொண்டேன். சிக்கனம் என்பது குணம். எனக்கு வேண்டியது அளவு. 500 கிலோ பின்வண்டியோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறினால், அதை 1,900 மீட்டர் உயரம் தூக்குவதற்கே ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் கூடுதலாகப் போகும். 'சிக்கனம் குறைந்தது' என்று எழுதினால் ஓட்டுநர் ஊதாரி ஆகிவிடுகிறார்.

கோத்தகிரியிலிருந்து:
ஐயா, 'ஈவு' இருக்கிறதே! 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது' என்றுதானே கேட்கிறோம்? கொடுப்பது ஈவு. கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் வருவதும் பள்ளிக் கணக்கில் ஈவு. 'எரிஈவு' என்று வைக்கலாம். ஈ, தா, கொடு மூன்றில் 'ஈ' இழிந்தோன் கூற்று என்பார் தொல்காப்பியர். குன்னூர் ஏற்றத்தில் பர்லியார் தாண்டினால் காரிடம் நாம் இரப்பவர்தானே!

ஊட்டியிலிருந்து:
தம்பி, உடம்படுமெய் எங்கே போச்சு? 'எரியீவு' என்று வரும். படித்தால் பூச்சிமருந்து மாதிரி இருக்கிறது. அப்புறம், இறக்கத்தில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்றைய கார்களில் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் சுழியத்தால் வகுத்து என்ன ஈவு சொல்வீர்கள்? (பின்வண்டியோடு அங்கே இறங்காதீர்கள், அது வேறு கதை.) ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகக் கணக்கிடுகிறார்கள். 'எரிசெலவு' போதும், ஏறினாலும் இறங்கினாலும் நிற்கும்.

கொடைக்கானலிலிருந்து:
எரிசெலவுக்கு என் ஓட்டு. யாராவது 'எரிகொடை' என்று எங்கள் ஊரை இழுப்பதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். சற்று விலகிப் போகிறேன்: ஸ்டெப்னிக்குப் புறநானூறு 102இல் ஔவையாரின் 'சேம அச்சு' இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று உமணர் (உப்பு வணிகர்) வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த உபரி அச்சு. கையேட்டில் சேர்க்கலாமே?

குன்னூரிலிருந்து:
சேம அச்சு அழகுதான், ஆனால் நம் ஸ்டெப்னி சக்கரமாயிற்றே. 'எரிசெலவு, அதாவது மைலேஜ்' என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

கோத்தகிரியிலிருந்து:
ஐயா, மைலேஜ் கூடினால் எரிசெலவு குறையும். இரண்டுக்கும் நடுவில் 'அதாவது' எப்படி வரும்?