பின் சில்லில் கம்பி உடைந்துகொண்டே இருக்குது, அவசர உதவி

கிரான்_பொடியன்:
பைக் பின் சில்லில் கம்பி உடையுது. கராஜில் ஒன்றை மாற்றித் தந்தாங்க, கொஞ்ச நாளில் பக்கத்துக் கம்பி போச்சு. அதையும் மாற்ற, அடுத்தது. நாளைக்கு விடிய வேலைக்கு ஓடவேணும். யாராவது சொல்லுங்க.

வாவிக்கரை:
என்ன பைக்? எத்தனை சிசி? செயின் பக்கமா பிரேக் பக்கமா? கம்பி எந்த இடத்தில் முறியுது, ஹப் (சில்லின் நடுக் குடம்) கிட்டவா, நிப்பிள் (ரிம்மில் கம்பியை இறுக்கும் மரை) கிட்டவா? இதெல்லாம் எழுதினால்தான் சொல்லலாம்.

ஆரையம்பதி_செட்:
சாமான் சரியில்லை. உதிரியாக வாங்கும் கம்பியில் வளைவு ஒன்றுக்கொன்று ஒத்துவராது. உள்கம்பிக்கும் வெளிக்கம்பிக்கும் வளைவு வேறு. மாறிப் போட்டால் கம்பியின் கழுத்து, அதாவது ஹப்பில் கொழுவும் வளைவு, படிந்து உட்காராது, அந்த இடத்தில்தான் முறியும். செட்டாக வாங்குங்க.

களுவாஞ்சி_ரைடர்:
எனக்கு பேரிங் மேலதான் சந்தேகம். டபுள் ஸ்டாண்டில் விட்டு, பின் சில்லைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. கடகட என்றால் பேரிங். அதை விட்டுவிட்டுக் கம்பி மாற்றிப் பிரயோசனம் இல்லை.

பழைய_சாவி:
இந்தக் கேள்விக்கு இங்கேயே எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. பழைய இழையைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் எழுதுகிறேன், கவனமாக வாசியுங்கள்.

கம்பி அதிகம் உடைவது தளர்வால்தான், இறுக்கத்தால் இல்லை. சில்லு உருளும்போது தரைப் பக்கம் வரும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து, மேலே போகையில் திரும்ப இறுகும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கம்பி அந்த நேரத்தில் முழுசாக விட்டுப்போய், பிறகு வெட்டி இழுபடும். ஒன்று முறிந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். அதனால் உடைந்ததை மட்டும் மாற்றுவது அரை வேலை.

சின்ன ஸ்க்ரூ டிரைவரால் எல்லாக் கம்பியையும் தட்டிக் கேளுங்கள். இறுகினது கிண்ணென்று கேட்கும், தளர்ந்தது சொத்தென்று கேட்கும். நிப்பிள் சாவியால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுத்தான். ரிம் வலப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பியை இறுக்கி, வலப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் 2 மி.மீ. தாண்டக்கூடாது. இது விளங்காதவர்கள் சாவியைத் தொடாமல் இருப்பது நல்லது.

கல்முனை_98:
இந்தக் கரைச்சலே வேண்டாம், கம்பியே இல்லாத அலோய் சில்லு போடுங்க. டியூப்லெஸ் டயரும் போடலாம். கம்பிச் சில்லில் நிப்பிள் துளையால் காற்றுப் போகும், டியூப் இல்லாமல் ஓடாது.

வாவிக்கரை:
உன்னிச்சைப் பக்கம் கிரவல் ரோட்டில் ஓடிப் பார்த்துவிட்டு வாங்க. குழியில் அடித்தால் கம்பிச் சில்லு நெளியும், நிமிர்த்தலாம். அலோய் வெடித்தால் தூக்கி எறியத்தான் வேணும்.

கல்முனை_98:
எங்கட பக்கம் முழுக்கக் காபட் ரோட். எல்லாரும் உன்னிச்சைக்கா போறாங்க? வெடித்துப்போன அலோய் நான் ஒருநாளும் கண்டதில்லை.

வாவிக்கரை:
நான் கண்டிருக்கிறேன். கேட்டவர் கிரான்காரர், உங்கட ரோட்டுக் கதை அவருக்கு எதுக்கு?

தாழங்குடா_அக்கா:
தம்பி, விடிய வேலைக்கு ஓடவேணும் என்று எழுதினீங்களே, என்ன வேலை? பைக்கில் என்ன ஏற்றுறீங்க? உடைந்த துண்டு இருந்தால் முறிந்த முகம் என்ன நிறம் என்று பாருங்க.

கிரான்_பொடியன்:
மீன் பெட்டி அக்கா. வாழைச்சேனையில் எடுத்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோறது. 100 சிசி, 36 கம்பி. செயின் பக்கம், ஹப் கிட்ட வளைவில்தான் உடையுது. முகம் கறுப்பு, ஓரத்தில் கொஞ்சம்தான் பளபளப்பு.

தாழங்குடா_அக்கா:
அந்தக் கறுப்புத்தான் கதை சொல்லுது தம்பி. கம்பி முந்தியே வெடித்து, வெடிப்புக்குள் துரு ஏறி, மிச்சம் இருந்த பளபளப்பான துண்டுதான் கடைசியாக முறிந்திருக்கு. ஐஸ் உருகி மீனில் பட்டு வடியும் தண்ணி உப்புத் தண்ணி. பெட்டியின் துளை செயின் பக்கம் இருந்தால் அது நேரே ஹப்பில்தான் விழும். கழுத்து வளைவில் தங்கிக் குழி அரிக்கும், பாரம் ஏற ஏற அந்தக் குழியிலிருந்துதான் வெடிப்பு ஓடும். புதுக் கம்பி ஒன்றைப் போட்டாலும் பக்கத்தில் நிற்பதெல்லாம் ஏற்கெனவே அரித்த கம்பிதானே.

எங்கட வீட்டிலும் மீன் வியாபாரம்தான், அதனால் சொல்றன். துளையில் ஓஸ் ஒன்று மாட்டி, தண்ணி சில்லுக்குப் பின்னால் விழுற மாதிரி இறக்குங்க. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியால் ஹப்பைக் கழுவுங்க. கம்பி முழுச் செட்டும் மாற்றத்தான் வேணும், ஒவ்வொன்றாக மாற்றிக் காசு கரைக்க வேண்டாம். அதோடு பாரத்தோடு நடுவழியில் சில்லு விட்டால் உயிருக்கே ஆபத்து. நாளைக்கு வேறு பைக் கேட்டுப் பாருங்க.

ஆரையம்பதி_செட்:
எவர்சில்வர் கம்பி போட்டால் துருவே பிடிக்காதே?

தாழங்குடா_அக்கா:
துரு குறையும். ஆனால் மரையில் கிரீஸ் தடவாமல் பூட்டினால் நிப்பிளோடு பிடித்துக்கொள்ளும், பிறகு இறுக்கவும் ஏலாது, கழற்றவும் ஏலாது. எந்தக் கம்பி போட்டாலும் நிப்பிளுக்கு மேலே நீட்டும் நுனியை அராவிவிட்டு ரிம் பட்டி போடச் சொல்லுங்க, இல்லாவிட்டால் டியூப் ஓட்டையாகும்.

கிரான்_பொடியன்:
துளை செயின் பக்கம்தான். ஓஸ் போட்டாச்சு. செட் மாற்றக் குடுத்திருக்கு, மச்சானின் பைக்கில் ஓடுறேன். நன்றி அக்கா.

பழைய_சாவி:
புதுக் கம்பி ஓடத் தொடங்கினதும் தளரும். 500 கி.மீ. அளவில் திரும்பத் தட்டிப் பார்த்து இறுக்குங்கள். ரிம்மின் நிப்பிள் துளைகளும் அரித்திருக்கிறதா என்று, சில்லுக் கட்டுவதற்கு முன்னால் கராஜ்காரரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.