தோட்டத்து வீடு குடும்பக் குழு: ஸ்விஃப்ட்டுக்கு எந்த அளவு டயர்?

கவிதா (காலை 10:12): அப்பா, மாமா, அண்ணா, பொள்ளாச்சியில் ஒரு டயர் கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நம் பழைய ஸ்விஃப்ட்டின் முன் டயர்கள் இரண்டும், பள்ளத்தின் அடியில் இருக்கும் 1.6 மி.மீ. அடையாள மேடு வரை தேய்ந்துவிட்டன. டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 85டி என்று இருக்கிறது. அந்த அளவு கைவசம் இல்லை என்றும், ஸ்விஃப்ட்டுக்கு 185/65-உம் வருவதால் அதையே போட்டுக்கொள்ளலாம் என்றும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கிவிடட்டுங்களா?

சரவணன் (10:15): தாராளமாக வாங்கு. என் நண்பரின் ஸ்விஃப்ட்டிலும் 185/65 தான் இருக்கிறது. அகலமான டயர் என்றால் பிடிப்பும் கூடும், வண்டியும் பார்க்க எடுப்பாக இருக்கும்.

மாமா (10:19): அம்மிணி, இன்னும் பணம் கொடுத்துவிடாதே. அந்த 185/65-க்குப் பின்னால் ஆர்14 என்று இருக்கிறதா, ஆர்15 என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

கவிதா (10:21): ஆர்14 தானுங்க மாமா. நம் ரிம் 14 அங்குலம்தானே?

மாமா (10:34): அங்கேதான் சிக்கல். சரவணனின் நண்பர் வைத்திருப்பது உயர் வகை வண்டியாக இருக்கும். அதற்கு ரிம்மே 15 அங்குலம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் மில்லிமீட்டர் அன்று. அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்வது. நம் டயரில் 165-இல் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு சுவருக்கு 264, ரிம் 14 அங்குலம் என்பது 355.6, ஆக மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. நண்பரின் 185/65 ஆர்15-ஐக் கணக்கிட்டால் 621.5 வருகிறது, ரிம் பெரிதானதற்கு ஈடாகச் சுவரைக் குறைத்து, உருளும் அளவு மாறாமல் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே 185/65-ஐ 14 அங்குல ரிம்மில் மாட்டினால் விட்டம் 596 தான். (ஆர் என்பது ரேடியல் என்ற கட்டுமானத்தைக் குறிப்பது. அதை ஆரம் என்று நினைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தவர்கள் ஏராளம்.)

சரவணன் (10:37): 24 மில்லிமீட்டர்தானுங்களே மாமா, அதில் என்ன வந்துவிடப் போகிறது?

மாமா (10:45): அதில் பாதி, கிட்டத்தட்ட 12 மி.மீ., வண்டி தரையை நோக்கி இறங்கும். பின்சீட்டை மடக்கித் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு நம் இட்டேரி மண்பாதையில் வரும்போது நடுமேடு இப்போதே அடியில் உரசுகிறது என்பதை நீயே சொல்லியிருக்கிறாய். இன்னொன்று, சக்கரம் ஒரு சுற்றுக்கு 195 செ.மீ. நகர்ந்தது போய் 187 செ.மீ. தான் நகரும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. 100 கி.மீ. வேகம் என்று முள் காட்டும்போது வண்டி 96-இல் போகும், ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் கணக்கு ஏறும், மைலேஜ் கூடிவிட்டது என்று நீ மகிழ்ந்துகொண்டிருப்பாய். இவற்றையெல்லாம்விட, முன்னால் 596, பின்னால் 620 என்று மாட்டினால், சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டிக்கு அது ஆகவே ஆகாது.

அப்பா (10:52): மாப்பிள்ளை, 185/70 ஆர்14 என்று ஓர் அளவு உண்டே, அது எப்படி?

மாமா (10:56): அது தப்பில்லைங்க மச்சான். விட்டம் 614.6, வித்தியாசம் ஒரு சதவீதத்திற்கும் குறைவு. ஆனால் மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். இரண்டு மட்டும் வாங்குவதாக இருந்தால் 165/80-ஐ விட்டு நகர வேண்டாம். 85டி-யில் 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, டி வேக வரம்புக்கான குறி. 85-க்குக் குறைந்த எண்ணையும் வாங்கக் கூடாது.

கவிதா (11:40): வேறு கடையில் 165/80 ஆர்14 85டி கிடைத்துவிட்டதுங்க மாமா. தயாரிப்புத் தேதி எங்கே இருக்கும்?

மாமா (11:42): நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 0924 என்றால் 2024-இன் ஒன்பதாவது வாரம். இரண்டு டயரிலும் பார், ஒன்று மட்டும் பழையதாக இருக்கலாம். பின்னால் இருக்கும் பாதி தேய்ந்தவற்றை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, புதியவற்றைப் பின்னால் மாட்டு.

அப்பா (11:45): இழுப்பது முன் சக்கரம்தானே மாப்பிள்ளை, புதியது முன்னால் அல்லவா போக வேண்டும்?

மாமா (11:51): பலரும் அப்படித்தானுங்க நினைக்கிறார்கள். ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே பக்கவாட்டில் சுழன்றுவிடும், சாதாரணமாக ஓட்டுகிறவரால் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நாளில் இறங்கும்போது பின்பக்கம் பிடித்து நிற்க வேண்டும்.

அப்பா (11:53): சரி, அப்படியே செய்யட்டும்.

கவிதா (12:35): மாட்டி, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. இரண்டிலும் ஒரே தேதிதான். காற்று எவ்வளவு வைக்கச் சொல்லட்டுங்க மாமா?

மாமா (12:36): டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் ஆள் குறைவுக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருப்பார்கள். அதன்படி வை. டயரின் மேல் அச்சிட்டிருப்பது அதன் உச்ச அளவு, அதைப் பார்த்து நிரப்பிவிடப் போகிறார்கள்.

அப்பா (12:40): ஸ்டெப்னியிலும் காற்றைப் பார்த்துவிட்டு வா, கண்ணு. அதைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது.