ஏதென்சை மறுக்கும் கிறிஸ்து: மில்டன் தம் கல்வியைக் கைவிட்டாரா?

இளவேனில்:
ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் எழுதி 1671இல் வெளிவந்த 'மீண்ட சொர்க்கம்' காவியத்தின் நான்காம் காண்டத்தில், சாத்தான் ஏதென்சின் தத்துவத்தையும் கவிதையையும் காட்டிக் கிறிஸ்துவுக்கு ஆசையூட்டுகிறான். கிறிஸ்துவோ கிரேக்கத் தத்துவ மரபுகளை ஒவ்வொன்றாக மறுத்து, வேதாகமத்தின் எபிரேயச் சங்கீதங்களுக்குக் கிரேக்கருடைய பாடல்கள் ஈடாகா என்கிறார். கிரேக்கர் தம் கலைகளையே எபிரேயரிடமிருந்துதான் பெற்றனர் என்றும் சொல்கிறார். கிரேக்கக் கவி ஹோமரிலும் இலத்தீன் கவி வெர்ஜிலிலும் ஊறி வளர்ந்த மில்டன், பார்வை இழந்தபின் இயற்றிய இவ்வரிகளில், கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் பியூரிட்டன் விசுவாசம் அவருடைய கிரேக்க, இலத்தீன் கல்வியை வென்றுவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

கயல்விழி:
அக்காவியத்துடன் ஒரே நூலாக அச்சானது 'சாம்சன் அகோனிஸ்டஸ்' என்பதை நீங்கள் கருதவில்லை. வேதாகமக் கதையைக் கிரேக்கத் துன்பியல் வடிவில் சொல்லும் அந்நாடகத்தின் முன்னுரையில், எஸ்கிலஸ், சோஃபக்ளிஸ், யூரிப்பிடிஸ் ஆகிய கிரேக்கத் துன்பியல் ஆசிரியர் மூவருக்கும் இன்றுவரை நிகரில்லை என்று மில்டன் எழுதுகிறார். கல்வியைத் துறந்தவர் அதே நூலில் இப்படி எழுதியிருப்பாரா? மேலும், கிறிஸ்து மறுப்பது படிப்பை அன்று. படிப்பதற்கு இணையான பகுத்தறிவைத் தன்னிடமிருந்து கொண்டுவராதவன் நூல்களில் ஆழ்ந்தும் தன்னளவில் ஆழமற்றவனாகவே இருப்பான் என்பதே அவருடைய வாதம்.

இளவேனில்:
அதே முன்னுரை, யூரிப்பிடிசின் வரியொன்றைத் தூய பவுலே எடுத்தாண்டார் என்று சொல்லித் துன்பியலுக்கு இடம் கேட்கிறதே! அப்போஸ்தலரின் சான்று தேவைப்படும் அளவுக்கு அங்கே உறுத்தல் இருக்கிறது. ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியைப் பாடும் அவருடைய முந்தைய காவியமான 'இழந்த சொர்க்கம்' முதற்காண்டத்தில், கிரேக்க, ரோமானியத் தொன்மத்தின் தேவசிற்பி மல்சிபர் வானிலிருந்து விழுந்த கதையைச் சொல்லிவிட்டு, அப்படிச் சொல்வோர் தவறாகவே சொல்கின்றனர் என்று உடனே மறுப்பதும் அதே உறுத்தல்தான்.

கயல்விழி:
மறுப்பதே நோக்கமாயின் ஓரடி போதுமே. காலையிலிருந்து நண்பகல்வரை, நண்பகலிலிருந்து பனி படர்ந்த மாலைவரை, ஒரு கோடைநாள் முழுவதும் மல்சிபர் விழுந்து லெம்னோஸ் தீவை அடைவதை அவ்வளவு அழகாக ஏன் பாட வேண்டும்? அதே 'இழந்த சொர்க்கம்' நான்காம் காண்டத்தில், ஏதேனின் அழகைச் சொல்லவரும்போது, சிசிலியின் என்னா என்னும் வெளியில் பூப்பறித்த தேவமகள் புரோசர்பினாவைப் பாதாள அரசன் கவர்ந்ததும், தாய் சீரிஸ் உலகெங்கும் தேடியலைந்ததும் வருகின்றன. ஏவாள் வீழ்வதற்கு முன்பே அவளை இழக்கும் துயரம் நம்மைத் தொடுகிறது. ஆதியாகமத்தின் சுருக்கமான கதையில் இல்லாத இந்தத் துயரத்தை ரோமானியக் கவி ஓவிட் பாடிய கதைதான் தருகிறது. விசுவாசத்துக்கே இங்குக் கல்வி தேவைப்படுகிறது.

ஆதிரை:
அச்சுச் சுதந்திரத்துக்காக மில்டன் எழுதி 1644இல் வந்த 'அரியோபஜிடிகா' என்னும் உரைநடை நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் புறச்சமய நூல்களைப் படிக்கக் கூடாது என்று தடுத்தவன், கிறிஸ்தவத்தைத் துறந்த ரோமப் பேரரசன் ஜூலியன் என்று மில்டன் அதில் நினைவூட்டுகிறார்.

இளவேனில்:
அது இங்கிலாந்தில் முடியாட்சி திரும்புவதற்கு முந்தைய மில்டன். முடியாட்சி திரும்பிய 1660க்குப் பின், அதை எதிர்த்திருந்த அவர் ஆபத்து சூழ்ந்த இருளில் தாம் இருப்பதாகப் பாடும் 'இழந்த சொர்க்கம்' ஏழாம் காண்டத்தில், கிரேக்கத் தொன்மத்தின் பாடகன் ஓர்ஃபியசைக் கூட்டம் கிழித்தெறிந்தபோது அவன் தாயான கலைத்தெய்வத்தால் மகனைக் காக்க முடியவில்லை என்கிறார். அவள் வெறுங்கனவு என்று சொல்லி, தம் காவியத்துக்கு அருள்புரிய அவர் அழைக்கும் விண்ணகத்து யுரேனியாவிடமே அடைக்கலம் கேட்கிறார். கயல்விழி காட்டிய துயரத்தை நானும் உணர்கிறேன். ஆனால் உயிருக்கு அஞ்சிய வேளையில் அவர் எதை நம்பினார் என்பதை இவ்வரிகள் தெளிவாகவே சொல்கின்றன.