புதுப்பிப்பு: வளவு விளக்கு ஆட்டம் நின்றது

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு வளவில் 5 மீட்டர் டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய விளக்குப் பட்டை) ஒட்டி, ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்து ஓட்டினால் கண்டபடி மின்னுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. தப்பு ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, நீங்கள் பலர் சொன்னதுதான். பை கொடுக்கும் சிக்னல் 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் ஸ்ட்ரிப்புக்குக் குறைந்தது 3.5 வேண்டும். நடுவில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் ஒரு 74ஏஹெச்சிடி125 சிப் போட்டேன், முக்கால்வாசி ஆட்டம் அடங்கியது.

இரண்டாவதுதான் வேடிக்கை. பையில் நாதஸ்வரம் போட்டால் மட்டும் தூண் பக்கம் பச்சையும் ஊதாவும் தெறிக்கும். "விளக்கும் தாளம் போடுதேடா!" என்று அப்பத்தாவுக்கு ஒரே குஷி. விஷயம் இதுதான்: நான் டேட்டா ஒயர் செருகியிருந்த ஜிபிஐஓ 18 என்ற பின், ஹெட்போன் ஜாக்குக்குப் போகும் அதே பிடபிள்யூஎம்மை (துடிப்பு சிக்னல் உருவாக்கும் பகுதி) பயன்படுத்துகிறது. ஒயரை ஜிபிஐஓ 10க்கு மாற்றி எஸ்பிஐ என்ற வேறு டேட்டா வழியில் ஓட்டினேன் (பேங்க் இல்லை!). அதற்கு பையின் கான்ஃபிக் ஃபைலில் core_freq என்ற உள் வேக அளவை 250 என்று வைக்க வேண்டும். அதை மறந்து ஒரு ராத்திரி போச்சு.

மூன்றாவது, கடைசி விளக்குகள் வெள்ளைக்குப் பதில் மஞ்சளடித்தது. 150 விளக்கு, முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லிஆம்பியர், ஆக 9 ஆம்பியர். அவ்வளவு கரண்ட் ஓடினால் கடைசிக்குப் போவதற்குள் வோல்ட் குறைந்துவிடும். மறுமுனையிலும் பவர் கொடுத்ததும் வெளுத்தது.

பர்மா தேக்குத் தூணில் ஆணி அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் அப்பத்தா என்னை அடித்திருப்பார்.