லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் கச்சேரி: எந்த இருக்கை நல்லது?

வணக்கம். ஜெர்மனியில் வசிப்பவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். நவம்பரில் வேலை நிமித்தமாக லைப்சிக் போகிறேன். கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நேரில் கேட்காமல் திரும்புவதாக இல்லை.

1743-இல் நகரத்து வணிகர்களும் பிரமுகர்களும் சொந்தப் பணத்தில் தொடங்கிய கச்சேரிச் சங்கத்திலிருந்து வளர்ந்த குழு இது. அரசவைத் தயவில் பிழைத்ததல்ல. 1835 முதல் இசையமைப்பாளர் மெண்டல்சோன் இதை நடத்தினார். இன்னொரு இசையமைப்பாளரான ஷூபர்ட் இறந்து பத்தாண்டுக்கு மேல் கழித்து, அவரது பெரிய சி மேஜர் சிம்பொனி 1839-இல் முதன்முதலில் அரங்கேறியது இவர்களிடம்தான். இதே கலைஞர்கள் ஆப்பராவிலும், தோமா தேவாலயத்தில் இசையமைப்பாளர் பாக்கின் கான்டாட்டாக்களுக்கும் (வாத்தியங்களோடு பாடும் இசைப் படைப்புகள்) வாசிக்கிறார்கள். எப்போதுதான் தூங்குவார்களோ!

பெரிய கச்சேரிகள் பெரும்பாலும் வியாழனும் வெள்ளியும் நடக்கின்றன. சந்தாதாரர்கள் போக, எந்த நாளில் டிக்கெட் எளிதாகக் கிடைக்கும்? 1981-இல் திறந்த இப்போதைய அரங்கில் மேடையைச் சுற்றிலும் இருக்கைகள் உண்டு. இசைக்குழு நடத்துநரின் முகம் தெரியும்படி மேடைக்குப் பின்னால் உட்கார ஆசை. அங்கே பித்தளை ஊதுகருவிகளும் டிம்பனி முரசுகளும் வயலின்களை அமுக்கிவிடுமா? முன்வரிசையைவிட மாடம் மேல் என்கிறார்களே, உண்மையா?

கோட்டு கட்டாயமா என்பதையும் சொல்லிவிடுங்கள். பெட்டியில் இடம் குறைவு.